நாலு மணிக்கு மேல் காட்டப்படும் வீடு

விற்பனைப் பலகை மாட்டிய மூன்றாம் நாள் காலையில் யாரோ அதன் அடியில் அடுப்புக்கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். 'இந்த வீடு விற்பனைக்கு' என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்ததற்குக் கீழே, கோணல்மாணலாக, 'மூக்கு இல்லாதவங்களுக்கு மட்டும்.'

வாசல் தெளிக்க வந்த பச்சையம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் கையிலிருந்த வாளித் தண்ணீர் முழுவதையும் பலகை மேல் வீசினாள். கரி வழிந்து சுவரெல்லாம் கறுப்பானது. தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று ஆரம்பித்தாள்.

"எவன்டா எழ்தினது? எனுக்கு எதிர்ல வந்து எழ்துடா! உன் மூஞ்சில மட்டும் மூக்கு கீதா? அந்த மூக்க வெச்சுகினு இத்தினி வர்சம் இன்னாடா கிழிச்சீங்க? மனு குடுக்கலாம் வாங்கடான்னு வூடு வூடா வந்து கூப்ட்டனே, ஒருத்தன் வந்தியா?"

ஒரு கதவும் திறக்கவில்லை. பச்சையம்மா வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் பாடு திண்டாட்டம் என்பது கன்னியப்பன் நகர் முழுக்கத் தெரிந்த விஷயம். கத்தி ஓய்ந்து உள்ளே போனவள், புருஷனுக்குக் கஞ்சியை ஆற்றி வைத்துவிட்டு, வண்ணாரப்பேட்டைக்குப் பஸ் பிடிக்க ஓடினாள். அங்கே ஒரு ரெடிமேட் மொத்தக் கடையில் சட்டை மடித்துப் பெட்டி போடுகிற வேலை. அன்று அவள் மடித்த சட்டைகளின் காலர் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை என்று மேஸ்திரி சொன்னான். அவனுக்கும் கிடைத்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவள். ஒரே ரூமில் ஏழு பேர். கல்யாணமாகி அதே பிளாக்கில் இரண்டாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்குப் போனதுதான் அவள் கண்ட மாற்றம். புருஷன் பரசுராமன் ஹார்பரில் கிரேன் கொக்கி மாட்டுகிற வேலையில் இருந்தான். சாதுவான ஆள். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்வான். அந்த ஒன்றும் "சரிம்மே" என்பதாக இருக்கும்.

எண்பத்தொன்பதில் மணலிக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் மனை போட்டு விற்றார்கள். அரை கிரவுண்டு. பரசுராமன் பி.எஃப். லோன் எடுத்தான். இவள் காதிலும் மூக்கிலும் கிடந்ததைக் கழற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரி ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு, சித்தாள் வேலையை இவளே பார்த்தாள். செங்கல் சுமந்தாள், கலவை போட்டாள். இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, பின்னால் தனிக் கக்கூசு, மேலே தளம். கக்கூசுக்குத் தனித் தாழ்ப்பாள் போட்ட அன்று அவள் அதை நாலைந்து தரம் திறந்து திறந்து மூடினாள்.

பால் காய்ச்சிய மறுநாள் விடியற்காலையில் கண் எரிந்தது. சந்தோஷத்தில் ராத்திரி தூங்காததால் எரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாளும் எரிந்தபோதுதான் மேற்கே திரும்பிப் பார்த்தாள். கம்பெனிப் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. மேல்காற்று அடிக்கும்போதெல்லாம் அழுகின முட்டை நாற்றம் வரும். சில நாள் அதோடு வேறொன்றும் சேர்ந்து தொண்டையை அரிக்கும். எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த காம்பவுண்டைக் கைகாட்டுவார்கள்.

பத்து வருஷம் போனது. மகள் மகிழினியைப் புழலில் கட்டிக் கொடுத்தார்கள். பரசுராமனுக்கு முதலில் இருமல், அப்புறம் வீசிங், அப்புறம் மாடிப்படி ஏற முடியாத நிலைமை. ஹார்பர் வேலையை முன்னதாகவே விட வேண்டியதாயிற்று. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மருந்து பாதிதாம்மா. மீதி காத்து. இவரை அந்த இடத்திலேருந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

அதனால்தான் அந்தப் பலகை.

விலை சொல்ல வேண்டுமே! பச்சையம்மா ஒரு கணக்கு வைத்திருந்தாள். நாலரை லட்சம். புரோக்கர் ராசையா வந்தார். டி.வி.எஸ். ஃபிப்டியை நிறுத்திவிட்டு வீட்டைச் சுற்றி நடந்தார், சுவரைத் தட்டினார், மேற்கே பார்த்து ஒருதரம் மூக்கை உறிஞ்சினார்.

"மூணு," என்றார்.

"இன்னா மூணு?"

"மூணு லச்சம் யம்மா. அதுக்கே ஆள் கெடைக்கிறது கஸ்டம்."

"யோவ், செங்கல் எண்ணிப் பாத்தியாய்யா? ஒவ்வொரு கல்லும் நான் தூக்குனது. தளத்துல கம்பி எத்தினின்னு தெரியுமா?"

"கம்பிய யாரும்மா மோந்து பாக்கப் போறான்? காத்தத்தான் மோந்து பாப்பான். வூட்ட நீ கட்டினே, ஒத்துக்கறேன். காத்த எவனோ கட்டிக்கினு கீறான். வெலய அவந்தான் வெக்கிறான்."

அன்றைக்கு அவரை அவள் வாசல் தாண்டி விரட்டினாள். ஆனால் ஒரு வாரம் கழித்து அவளேதான் அவர் இருக்கிற டீக்கடைக்குப் போய் நின்றாள். நாலு லட்சம் கேட்பது என்று பேசி முடிந்தது.

முதலில் வந்தவர் ரிட்டயரான ஒரு ஸ்கூல் கிளார்க். காலை எட்டு மணிக்கு வந்தார். ரூமைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். தளத்துக்கு ஏறினார். இறங்கி வரும்போது கைக்குட்டை மூக்கில் இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அதற்குள்ளிருந்தே சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவன் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. மூன்றாவது ஆள் இரண்டு லட்சம் என்றான். எரிவாயு சும்மா வருகிறதே என்று கேலி வேறு. அவன் கொண்டுவந்த குடையை அவன் மேலேயே எறிந்தாள்.

நாலாவதாக வந்தது ஒரு புருஷன் பொண்டாட்டி. நல்லவேளையாக அன்று காற்றே இல்லை. அந்தம்மாவுக்குச் சமையல்கட்டு பிடித்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து, உப்பு அவ்வளவாக இல்லை என்றாள். முன்ரூமில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கும்போது அந்த ஆள் சுவரைப் பார்த்தான். சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. அந்த ஆள் காப்பியைக் கீழே வைத்தான்.

"நீங்க... எந்தப் பக்கம்?"

"வியாசர்பாடி."

"அதில்லம்மா. ஆளுங்க யாருன்னு..."

பச்சையம்மா அவனையே பார்த்தாள். பரசுராமன் உள்ளேயிருந்து "மே..." என்று மெதுவாகக் கூப்பிட்டான். அவளுக்கு அது காதில் விழவில்லை.

"வூட்டத்தான் வெலைக்குப் போட்டுக்கீறேன். வாசல்ல பலகைல அதத்தான் எழ்தி கீது. எத்திரி."

"இல்லம்மா, நாங்க பூசை புனஸ்காரம்..."

"எத்திரின்றேன்ல! அந்தக் காப்பிய குடிச்சுட்டு எத்திரி. குடிக்காம வெச்சுட்டுப் போனே, இங்கயே நடக்கறது வேற."

அந்த ஆள் நின்றுகொண்டே குடித்தான். நாக்கு சுட்டிருக்கும். அவர்கள் போனதும் ராசையா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அந்தப் படத்த ரெண்டு நாளைக்குக் கழட்டி உள்ள வெய்யேன்மா. வித்துட்டு அப்பால எங்க வேணா மாட்டிக்கோ."

"வெல நாலே கால்," என்றாள் பச்சையம்மா.

"இன்னாது?"

"இன்னிலேர்ந்து நாலே கால். அடுத்தவன் இப்டி கேட்டா நாலரை."

வாங்க ஆள் வராத வீட்டுக்கு விலையை ஏற்றின ஒரே பொம்பளை அவள்தான் என்று ராசையா டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தெருவும் சிரித்தது. அவள் வீட்டுக்குள் வந்தால் பரசுராமன் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, முட்டியில் கையை ஊன்றி, ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கும்போது கோபம் யார் மேல் போவது என்று தெரியாமல் பாத்திரத்தின் மேல் போகும். அந்த வருஷம் அவள் வீட்டில் நசுங்காத குண்டான் கிடையாது.

இதற்கு நடுவில் அந்தக் கடிதம் வந்தது.

மூன்று வருஷமாக அவள் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காற்றை அளக்கிற ஆபீசுக்கு, எம்.எல்.ஏ. ஆபீசுக்கு, கலெக்டர் ஆபீசுக்கு. மகிழினி எழுதித் தருவாள், இவள் லீவு போட்டுக்கொண்டு போய் வரிசையில் நிற்பாள். கடைசியில் ஒரு ஆள் இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவள் தளத்தில் வைத்துவிட்டுப் போனான். அது ஆடி முடிந்து மழை பெய்த வாரம். கடல்காற்று நாள் முழுக்க அடித்தது. "யோவ், மேல்காத்து அடிக்கும்போது வெய்யா!" என்று அவள் கெஞ்சினாள். அவனுக்குக் கொடுத்த தேதி அதுதானாம். ஆறு மாதம் கழித்து முத்திரை குத்திய பதில் வந்தது. மகிழினி வந்திருந்தபோது படித்துக் காட்டினாள். மேற்படி பகுதியில் காற்றின் தரம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது.

"வரம்புன்னா இன்னாடி?"

"நல்லாதான் கீதாம் காத்து."

பச்சையம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் வாயில் அடிக்கிற பம்பை எடுத்து இரண்டு தரம் அழுத்திவிட்டு, கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடிதத்தைக் கிழிக்கப் போனவளை மகள்தான் தடுத்தாள்.

மறுநாள் ராசையா வந்தபோது அது ஜன்னல் மேல் கிடந்தது. எடுத்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

"யம்மா! இத்த ஏம்மா எங்கிட்ட சொல்லல? கவுர்மெண்ட்டே எழ்திக் குடுத்துக்கீதேம்மா, காத்து சுத்தம்னு! பத்து ஜெராக்ஸ் எடுத்துக்கறேன். இனிமே எவன் மூக்கப் பொத்தினாலும் இத்த நீட்டிரலாம்."

நாற்றம் இருக்கிறது என்று நிரூபிக்க அவள் மூன்று வருஷம் செருப்பைத் தேய்த்தாள். இப்போது நாற்றம் இல்லை என்கிற காகிதம் ஒன்று அவளுக்கே உதவ வந்து நிற்கிறது! அந்தக் கணத்தில் ராசையாவைவிட, அந்த ஆபீசரைவிட, தன் மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. ஏனென்றால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. புழலில் மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஓட்டு வீடு விலைக்கு இருந்தது. ஏரிக்கரை பக்கம். மூன்றரைக்குப் பேசி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் தை வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். கார்த்திகையில் பரசுராமனுக்கு ஒரு விடியற்காலை மூச்சு நின்றே போய்விடுகிற மாதிரி ஆகி, பக்கத்துத் தெரு வேனில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான்கு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவள் ராசையாவிடம் சொன்னாள். "நீ இன்னா சொல்றியோ அப்டியே செய்யறேன். வித்துக் குடு."

"அப்டி வா வழிக்கு. காலைல எவனையும் கூட்டியார மாட்டேன். நாலு மணிக்கு மேல, கடல்காத்து கெளம்பின அப்பாலதான் காட்டுவேன். நீ கொஞ்சம் வெங்காயம் வதக்கி வெய்யி, சாம்பிராணி போடு. வெல மூணே முக்கா. சரியா?"

"சரி," என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டுப் பரசுராமனே நிமிர்ந்து பார்த்தான்.

மார்கழி ஆரம்பத்தில் ஒருநாள், நாலரை மணிக்கு, ராசையா ஒரு இளம் ஜோடியைக் கூட்டி வந்தார். மொஹ்சின் டேங்கர் லாரி டிரைவர். முப்பது வயது இருக்கும். அவன் மனைவி மெஹ்னாஸ் ஏழு மாசக் கர்ப்பிணி. ராயபுரத்தில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருக்கிற வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கடல்காற்று குளுகுளுவென்று வீசியது. சமையல்கட்டில் வெங்காயம் மணத்தது. மெஹ்னாஸ் ஒவ்வொரு ரூமாகப் போனாள். பின்னால் போய்க் கக்கூசுக் கதவைத் திறந்து பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி போட்டாள்.

"இது நமக்கு மட்டுமா யக்கா?" என்று கேட்டாள்.

"உனுக்கு மட்டுந்தான்," என்றாள் பச்சையம்மா.

ராசையா மொஹ்சினிடம் ஜெராக்ஸை நீட்டினார். "மணலின்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவான் தம்பி. தோ பாரு, கவுர்மெண்ட் சீல்." மொஹ்சின் அதை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

அப்போதுதான் உள்ரூமில் பரசுராமனுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு, விடாமல், கடைசியில் விசில் மாதிரி ஒரு இழுப்பு. மெஹ்னாஸ் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அவருக்கு இன்னா யக்கா?"

பச்சையம்மா வாயைத் திறப்பதற்குள் ராசையா முந்திக்கொண்டார். "பீடிம்மா, பீடி. நாளைக்கு மூணு கட்டு இழுத்த ஆளு. இப்ப அனுபவிக்கிறாரு."

"பீடியா?" என்றாள் பச்சையம்மா.

ராசையா கண்ணைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

"யோவ், யாரைப் பாத்துய்யா பீடின்றே? அந்த மனுசன் ஒரு பீடிய கையால தொட்டவரா? ஹார்பர்ல அத்தினி பேரு குடிச்சுகினு கெடந்தப்ப டீத்தண்ணியோட நின்ன ஆளுய்யா! அந்த மூச்ச அறுத்தது பீடி இல்லய்யா. தோ, அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற காத்து!" கை மேற்கே நீண்டது. மெஹ்னாஸ் பக்கம் திரும்பினாள். "யம்மா, எங்கள இந்த எடத்தப் பாக்க மனை வித்தவன் சாயங்காலந்தான் கூட்டினு வந்தான். நானும் கடல்காத்துல மயங்கி காதுல கெடந்தத கழட்டிக் குடுத்தேன். அதேமேரிதான் உன்னையும் கூட்டினு வந்துக்கீறோம். காலைல வா. ஆறு மணிக்கு வந்து மேல ஏறி நில்லு. அந்த லெட்டரு பொய்யி. இந்த வெங்காயமும் பொய்யி. வயித்துல புள்ளைய வெச்சுகினு இங்க வராதே. போ!"

மெஹ்னாஸின் முகம் வெளுத்துவிட்டது. மொஹ்சின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். ராசையா வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே திட்டினார். "நீ உருப்பட மாட்டேம்மா. உன் வாயால அந்த மனுசன் சாவான், பாத்துக்கோ."

அவள் உள்ளே வந்தாள். நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கினதுபோல் இருந்தது. புருஷன் ஏதாவது நல்லதாகச் சொல்வான் என்றுகூட நினைத்தாள். பரசுராமன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். முப்பது வருஷத்தில் அவள் பார்க்காத முகம்.

"உனுக்கு... நியாயம்... வந்துருச்சு," என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு இழுப்பு. "எனுக்கு மூச்சு... வாணாமா? உன் நியாயத்த... வெச்சு... நான்... சுவாசிக்கவா?"

அதற்குமேல் முடியவில்லை. உட்கார்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பச்சையம்மா சமையல்கட்டுக்குப் போய் அந்த வெங்காயத்தைச் சட்டியோடு சாக்கடையில் கொட்டினாள். அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. அவள் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். அவன் கேட்டதும் சரிதான். இரண்டு சரிக்கும் நடுவில் அவளுக்கு நிற்க இடமில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மொஹ்சின் மட்டும் நின்றான்.

"மேல போய்ப் பாக்கலாமா யக்கா?"

அன்று மேல்காற்று. தளத்தில் நின்றால் கண்ணில் தண்ணீர் வந்தது. மொஹ்சின் கால்மணி நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கி வந்து, "மூணு லச்சத்து பத்து ஆயிரம்" என்றான்.

பச்சையம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "மூணே முக்கான்னுதானே பேசுனோம்?"

"அது லெட்டர் இருந்தப்போ பேசின வெல. இப்ப லெட்டர் பொய்யின்னு நீயே சொல்லிட்டியே."

"ஓகோ! உண்மய சொன்னதுக்கு அபராதமா? அறுவத்தஞ்சாயிரம்? பேசாம வாய மூடிகினு இருந்திருந்தா முழுசா குடுத்துருப்பே, அப்டித்தானே?"

"குடுத்திருப்பேன். ஒரு மாசத்துல தெரிஞ்சிருக்கும். அப்ப உன்னைத் தேடி வந்து வேற மாதிரி பேசியிருப்பேன்."

"உனுக்கு இன்னாடா தலையெழுத்து இந்த எடத்துல வந்து வுழணும்னு? புள்ளத்தாச்சிய வெச்சுகினு? டேங்கர் ஓட்றவன் தானே, இந்த நாத்தம் உனுக்குத் தெரியாதா?"

மொஹ்சினுக்கும் அப்போது கோபம் வந்தது. "தெரியும் யக்கா. ராத்திரி சட்டைய கழட்டினா என் மேலயே வரும். ராயபுரத்துல மட்டும் இன்னா பன்னீரா அடிக்கிது? வெள்ளத் துணி காயப்போட்டா கரித்தூசில கருப்பாவுது. நல்ல காத்து அடிக்கிற எடத்துல போய் கேக்காமயா இருந்தேன்? பேர சொன்னதும் வூடு இல்லன்றான். ஒருத்தன் அட்வான்ஸ வாங்கி, மெஹ்னாஸ் புர்காவப் பாத்ததும் திருப்பிக் குடுத்தான். எவன் எங்களுக்கு விக்கிறான், சொல்லு? இந்த மாதிரி எடத்துலதான் விக்கிறான். அதையும் நீ வாணாம்னு சொன்னா நான் எங்க போறது? அவளுக்கு ஒரு தனிக் கக்கூசு வேணும். நேத்து ராத்திரி பூரா அதையே பேசிகினு இருந்தா."

பச்சையம்மாவுக்கு அந்தக் காப்பி குடித்த ஆள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் விலை பேசுவதில் அவள் இளகவில்லை. அவனும் இளகவில்லை. ஒரு மணி நேரம் வாசலில் நின்று இருவரும் கத்தினார்கள். தெருவே சண்டை என்று நினைத்து வேடிக்கை பார்த்தது. மூன்று நாற்பதில் நின்றது. அதற்குக் கீழே இறங்கினால் வீட்டைக் கொளுத்திவிடுவேன் என்றாள் அவள். அதற்கு மேலே ஏறினால் வட்டிக்கு வாங்கித்தான் தர வேண்டும் என்றான் அவன்.

அந்த மேற்கு ரூமில் பிள்ளையைப் படுக்க வைக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டாள். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறேன் என்று மொஹ்சின் சொன்னான். சொன்ன மாதிரியே குடி வருவதற்கு முன்னால் அடைத்தான்.

ரிஜிஸ்டர் ஆபீசில் இன்னொரு கூத்து. மூன்று நாற்பதுக்குப் பத்திரம் எழுதிக் கொண்டுபோனார்கள். அந்தத் தெருவுக்கு அரசாங்க மதிப்பு நாலே கால் லட்சம், அதன்படிதான் முத்திரைத்தாள் வாங்க வேண்டும் என்றார் அங்கிருந்த எழுத்தர். மொஹ்சின் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிவந்தது.

"நாலே காலா?" பச்சையம்மா மேசையைத் தட்டினாள். "ஒரு வருசமா நான் நாலே கால்னு கூவிகினு இருந்தேன், ஒரு நாயும் வரல. இப்ப நீ சொல்றே நாலே கால்னு? நீயே வாங்கிக்கோயேன் சார்! குடும்பத்தோட வந்து குடியிரு. காத்து வரம்புக்குள்ளதான் கீது!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தர் சத்தம் போடக்கூடாது என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினார். மெஹ்னாஸ்தான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

மூன்று நாற்பதை வைத்து மூன்றரை லட்ச ஓட்டு வீட்டை வாங்க முடியவில்லை. பத்தாயிரம் வித்தியாசம், பத்திரச் செலவு வேறு. எங்காவது புரட்டுவதற்குள் அது கைமாறிவிட்டது. அதே தெருவில் ஒரு சின்ன போர்ஷனை லீசுக்குப் பிடித்து, மீதிப் பணத்தைப் போஸ்ட் ஆபீசில் போட்டார்கள். சொந்த வீட்டுக்காரியாகப் பன்னிரண்டு வருஷம் இருந்தவள் மறுபடியும் குடித்தனக்காரி ஆனாள். தண்ணி மோட்டாருக்கு நேரம் வைத்த வீட்டுக்காரம்மாவோடு முதல் வாரமே சண்டை.

மெஹ்னாஸுக்கு மாசியில் பெண் குழந்தை பிறந்தது. பச்சையம்மா போய்ப் பார்த்தாள். குழந்தை கிழக்கு ரூமில் தூளியில் தூங்கியது. மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து காதை வைத்துக் கேட்டாள். அதைப் பார்த்து மெஹ்னாஸின் கண் கலங்கியது. பங்குனியில் காற்று ஆபீசுக்குப் போன மனுவில் முதல் கையெழுத்து மெஹ்னாஸுடையது. இரண்டாவது பச்சையம்மாவுடையது. "நீதான் இப்ப அங்க குடியில்லையேம்மா" என்றான் ஆபீசில் ஒருத்தன். அவனுக்குக் கிடைத்ததை இங்கே எழுதுவதற்கில்லை.

பரசுராமனுக்கு நோய் தீர்ந்துவிடவில்லை. ஆனால் சித்திரை வாக்கில் ஏரிக்கரை வரைக்கும் மெதுவாக நடந்து போய்த் திரும்ப ஆரம்பித்தான். ஒருநாள் சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"இன்னாமே, நாலே கால் லச்சத்து வூட்ட மூணு நாப்பதுக்கா வித்தே? எங்கயாச்சும் அடுக்குமா? இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா ஓட்டு வூட்டயாவது வாங்கியிருக்கலாம்ல? எல்லாம் உன் அவசரம், உன் வாயி!"

நடுவில் ஒரு இடத்திலும் நிறுத்தாமல் சொல்லிவிட்டான். பச்சையம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்படியே எழுந்து ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"யோவ், யாருய்யா அவசரப்பட்டது? மூச்சு வாணாமான்னு கேட்டது யாரு?"

"நான் கேட்டேன். அதுக்காக எம்பத்தஞ்சாயிரமா வுடுவே?"

அடுத்த போர்ஷன்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சத்தம் போட்டார்கள். அவன் ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் திருப்பிச் சொன்னான். உலைத் தண்ணீர் பொங்கி அடுப்பு அணைந்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை.